வெண்கரைப் பெண்கள் சும்மா இருந்த நாள்

முன்னொரு காலத்தில், வெண்கரை என்றொரு நாட்டில், சிட்டம்மை என்ற பெண்ணிடமிருந்து அவள் தன் கையால் திருத்திய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவன் அவள் கொழுந்தன் முடியாண்டி. பிடுங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது ஊர்ச்சபை. அதற்குக் காட்டிய காரணம் மூன்றே எழுத்து. சும்மா.

நடந்ததைக் கேளுங்கள். அந்த நிலம் முதலில் நிலமாகவே இல்லை, வெறும் முள்ளுக்காடு. சிட்டம்மையும் அவள் புருஷன் வெள்ளையனும் அதில் இறங்கினார்கள். அவன் முள்ளை வெட்டினான், இவள் வேரைத் தோண்டினாள். அவன் பாறையை உடைத்தான், இவள் கல்லைச் சுமந்துபோய்ச் சுற்றுச்சுவர் அடுக்கினாள். அவன் கிணறு வெட்டினான், இவள் மண்ணைக் கூடை கூடையாக மேலே ஏற்றினாள். பொழுது சாய்ந்ததும் அவன் கட்டிலில் சாய்ந்தான். இவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நிலம் முதல் விளைச்சலைத் தந்த வருஷம் வெள்ளையன் விஷக்காய்ச்சலில் செத்துப்போனான். துக்க வீட்டில் பாய் சுருட்டுவதற்குள் முடியாண்டி வந்து நின்றான், நிலம் தனக்குத்தான் என்று. நிலம் உழைத்தவருக்குத்தான் என்று வெண்கரையில் சட்டம் இருந்தது. நல்ல சட்டம்தான். அதனால் சபைக்காரர்கள் முடியாண்டியைக் கேட்டார்கள், அண்ணன் காட்டைத் திருத்தும்போது உன் மதினி என்ன செய்தாள் என்று.

"மதினியா? அவுக வீட்டுல சும்மாதான் இருந்தாக."

அப்படியெல்லாம் இல்லை, சுற்றுச்சுவர் முழுக்க நான் வைத்தது, வந்து பாருங்கள் என்று சிட்டம்மை அவர்களை இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் சுவரைக் காணோம். ஒரு கல் கூட இல்லை, கல் கிடந்த தடம் கூட இல்லை. அவள் வாய் திறந்து ஏதோ சொல்லப் போனாள். "சும்மா இரும்மா" என்றார் சபைத் தலைவர். சொல்ல வந்த பேச்சும் தொண்டையிலிருந்தே காணாமல் போயிற்று. கூட்டம் கலைந்தது. முடியாண்டி வரப்பில் ஏறி நடந்தான்.

சிட்டம்மை அழவில்லை. அழுதால் ஆறிப்போகும் என்று பயந்தாள். ராஜாவையே கேட்டுவிடுகிறேன் என்று தலைநகரத்துக்கு நடையைக் கட்டினாள்.

பாதி வழியில் ஒரு கழுதை, முதுகு நிறையக் கல்லோடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே இருந்த கல்லைப் பார்த்ததும் சிட்டம்மைக்குக் கால் பெருவிரல் வலித்தது. அந்தக் கல் அவள் காலில் விழுந்து நகத்தைப் பெயர்த்த கல். அதன் மூக்கு உடைந்த முனை அவளுக்கு மறக்குமா?

"நில்லு. அது என் கல்லு."

கழுதை நின்றது. நின்றதோடு விடாமல் பேசவும் செய்தது. "எத்தனையோ காலமா சுமக்கேன். என் கல்லுன்னு கேட்ட முதல் பொம்பளை நீதான் தாயி."

யாருக்குச் சுமக்கிறாய் என்று கேட்டாள். மந்திரி கருநாக்கருக்கு என்றது கழுதை. அவர் மந்திரி மட்டும் இல்லை, மந்திரவாதியும்தான். நாடு முழுக்க ஒரு சொல்லை மந்திரித்துவிட்டிருக்கிறார். ஒரு பெண்ணைப் பார்த்துச் சும்மா இருக்கிறாள் என்று சொன்னால் அவள் செய்த வேலை மறையும். சும்மா செய்துகொடு என்று சொன்னால் அவளுக்குச் சேரவேண்டிய கூலி மறையும். சும்மா இரு என்று சொன்னால் அவள் பேச்சு மறையும். மறைந்ததெல்லாம் மலைமேல் மந்திரியின் மாளிகைக்குப் போய்ச் சேரும். வேலை சுவராகும், கூலி தளமாகும், பேச்சு கூரையாகும். மாளிகை நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகிறது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"இதுக்கு மாத்து இல்லையா?" என்றாள் சிட்டம்மை.

"இருக்கு. பொய்யாச் சொல்ற வரைக்கும்தான் அந்தச் சொல்லுக்குப் பலம். பொம்பளையைப் பாத்து ஒருத்தன் சொல்லி, ஒரு தடவை அது நெசமாயிட்டா மந்திரம் செத்துரும். ஆனா அது எங்க ஆகப்போகுது? இந்த நாட்டுல ஒரு பொம்பளையாவது நெசமாவே சும்மா இருந்து நீ பாத்திருக்கியா?"

சிட்டம்மை யோசித்தாள். யோசித்துவிட்டுச் சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

வெண்கரை ராஜா கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலே. பெண்ணும் ஆணும் சமம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் அரண்மனை வாசலில் நின்று அவரே சொல்வார், சொல்லும்போது அவர் கண் கூடக் கலங்கும். பக்கத்தில் நிற்கும் கருநாக்கர் பணிவாகத் தலையாட்டுவார். "ஆகட்டும் மகாராஜா. முதலில் கோட்டை. அப்புறம் யானைக்கொட்டடி. அப்புறம் தேர். அதற்கப்புறம் பெண்கள்தான்." தேர் முடிவதற்குள் கோட்டையில் விரிசல் விழும். மறுபடியும் முதலில் கோட்டை.

சிட்டம்மை சபை நடுவில் நின்று முறையிட்டாள். கருநாக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டப்படிதானே தீர்ப்பு வந்திருக்கிறது, நிலம் உழைத்தவனுக்கு, சும்மா இருந்தவளுக்கு ஏது நிலம் என்றார்.

"சரிங்க மந்திரியாரே" என்றாள் சிட்டம்மை. "நாங்க சும்மா இருக்கறவங்கன்னே வச்சுக்குவோம். அப்படின்னா ஒரு நாள் நாங்க சும்மா இருந்தா நாட்டுல ஒண்ணும் மாறக் கூடாது இல்லையா? மாறலைன்னா நிலத்தைக் கொழுந்தனே வச்சுக்கட்டும், நான் நாட்டை விட்டே போயிடறேன். மாறிச்சுன்னா, பெண்கள் கேக்கறதை மகாராஜா குடுக்கணும்."

கருநாக்கர் மறுத்திருக்கலாம். மந்திரம் உடைகிற வழி அவருக்குத் தெரியாததா? ஆனால் பாருங்கள், அந்தப் பொய்யை அத்தனை காலம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டிருந்தார். பெண்கள் சும்மா இருந்தால் என்ன மாறிவிடப் போகிறது? "நடக்கட்டும் மகாராஜா, நல்ல வேடிக்கை" என்று சிரித்தார். ராஜாவும் சம்மதித்தார்.

சிட்டம்மை கிணற்றடிக்குப் போனாள், துறைக்குப் போனாள், களத்துமேட்டுக்குப் போனாள். போன இடமெல்லாம் வாதாடினாள். மாடு என்னாகும் என்றார்கள். ஆம்பளைக்கும் கை இருக்கிறது, கறக்கட்டும் என்றாள். பிள்ளை என்னாகும் என்றார்கள்.

"பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால் குடுங்க. அப்பன் இருக்கிற பிள்ளைக்கு அப்பன் இருக்கான்."

அரண்மனையில் நெல் குத்தும் காத்தாயி மட்டும் திகைத்து நின்றாள். "எல்லாம் சரி புள்ள. சும்மா எப்படி உக்காருறது? எனக்குப் பழக்கமில்லையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் பழக்கமில்லை.

அந்த நாள் விடிந்தது. ஒரு வாசலிலும் தண்ணீர் தெளிக்கவில்லை, ஒரு கூரையிலும் புகை எழவில்லை. கறக்காத மாடுகள் கத்தின. ஏழு நாடுகளை ஜெயித்த சேனாதிபதி சமையற்கட்டில் உப்பைத் தேடித் தோற்றுப்போனார். கோட்டை வேலை நின்றது, மண் சுமப்பவர்கள் பெண்கள். யானைகள் பட்டினி கிடந்தன, கவளத்துக்கு அரிசி குத்துபவர்கள் பெண்கள். தேர் அலங்காரம் நின்றது, பூக்கட்டுபவர்கள் பெண்கள். எது முதலில், எது அப்புறம் என்று மந்திரி போட்ட வரிசை முழுக்க அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ராஜசபையில் சிக்கலான வழக்கு ஒன்று வந்தது. ராஜா வழக்கம்போல சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்த திரைப்பக்கம் காதைச் சாய்த்தார். அங்கே உட்கார்ந்து மெல்லிய குரலில் வழி சொல்லிக்கொடுப்பவள் ராணி. இதுவரை ராஜா சொன்ன தீர்ப்புகளில் பாதி அவளுடையவை. இன்றைக்குத் திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. என்ன சொல்வது என்று ராஜா ரகசியமாகக் கேட்டார்.

"நான் இன்று சும்மா இருக்கிறேன்" என்றாள் ராணி.

ராஜாவுக்கு முதன்முறையாக உறைத்தது.

உச்சிவேளையில் வண்டிப்பேட்டைத் தெருவில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது. திண்டாடிப்போய்ப் பெண்டாட்டியிடம் கத்தினான், சும்மாதானே இருக்கே, ஒரு செம்பு தண்ணி கொண்டாந்தா என்ன என்று. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவள் நிதானமாகத் தலையாட்டினாள்.

"ஆமா. சும்மாதான் இருக்கேன்."

சொல் நிஜமாயிற்று. மலைமேல் படாரென்று ஒரு சத்தம் கேட்டது.

முதலில் கூரை பிய்ந்தது. காலங்காலமாக விழுங்கப்பட்ட பேச்செல்லாம் பறவைக் கூட்டம் போல ஊருக்குள் இறங்கி, அவரவர் வாயைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் தளம் பிளந்தது. கொடுக்காத கூலி நெல்லாகப் பொழிந்து வாசல் வாசலாகக் குவிந்தது. கடைசியில் சுவர்கள் விழுந்தன, கற்கள் தத்தம் இடத்துக்குத் தாமே பறந்து போயின. மூக்குடைந்த ஒரு கல் சிட்டம்மையின் நிலத்தைப் பார்த்துப் போயிற்று. தூசி அடங்கியபோது, கருநாக்கர் வெட்டவெளியில் சாதாரண மனுஷனாக, கறுப்பு வெளுத்த நாக்கோடு நின்றார். கழுதை அவரிடம் கற்சுமைக் கூடையைக் காட்டிவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

ராஜா சிம்மாசனத்திலிருந்து தானே இறங்கி, சபையில் நின்ற சிட்டம்மையிடம் வந்தார். கேட்டதைக் கொடுக்கிறேன், நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பட்டுச்சேலையும் வளையலும் என்றார்.

"பட்டை நெய்ததே நாங்கதான் மகாராஜா" என்றாள் சிட்டம்மை. திரும்பி வந்த பேச்செல்லாம் அவள் நாக்கில் வரிசை கட்டி நின்றது. களத்தில் ஆணுக்குப் பெரிய படியும் பெண்ணுக்குச் சின்னப் படியும் வைத்து நெல் அளக்கிறார்களே, அந்தச் சின்னப் படியை உடைத்துப் போடவேண்டும் என்றாள். உழைத்த நிலத்தில் பெண்ணின் பெயரும் இருக்கவேண்டும் என்றாள். ஊர்ச்சபையிலிருந்து ராஜசபை வரைக்கும் பாதி ஆசனம் பெண்களுக்கு வேண்டும் என்றாள்.

மூன்றும் நியாயம்தான் என்றார் ராஜா. ஆனால் பழக்கதோஷம் விடவில்லை. "இதில் எது முதலில், எது அப்புறம்?"

அப்போது சிட்டம்மைக்குக் கோபம் வந்துவிட்டது. "முக்காலி செய்யச் சொல்லிட்டு, எந்தக் கால் முதல்ல வேணும்னு தச்சரைக் கேப்பீங்களா? கூலி இருந்து நிலம் இல்லைன்னா, நாளைக்கும் அடுத்தவன் களத்துலதான் நிப்போம். நிலம் இருந்து சபையில பேச்சு இல்லைன்னா, என் நிலம் போன மாதிரி அதுவும் போகும். மூணும் சேந்துதான் நிக்கும். அப்புறம்னு ஏதாவது ஒண்ணைச் சொல்லியே ஆகணும்னா, தேரைச் சொல்லுங்க. தேர் நிக்கட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணி வெளியே வந்து, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் ஆசனம் போடச் சொன்னாள். ராஜா மூன்று ஆணைகளையும் அங்கேயே, ஒரே மூச்சில் பிறப்பித்தார்.

அந்த ஆணைப்படி சிட்டம்மையின் ஊர்ச்சபை மறுபடியும் கூடியது, இந்த முறை பாதிப்பேர் பெண்கள். மரத்தடியில் கூடவில்லை, நிலத்துக்கே போய்க் கூடினார்கள். சுற்றுச்சுவர் கல்லுக்குக் கல் அதனிடத்தில் இருந்தது. சிட்டம்மை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சபைக்காரர்கள் முடியாண்டியை முன்னால் கூப்பிட்டார்கள். நிலம் உழைத்தவருக்கு என்ற பழைய சட்டத்தையே சொன்னார்கள். கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டார்கள்.

"உன் அண்ணனும் மதினியும் இந்தக் காட்டைத் திருத்தும்போது நீ என்ன செய்தாய்?"

முடியாண்டி ஊரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், சுவர்மேல் இருந்தவளைப் பார்த்தான். மந்திரம் செத்த பிறகு அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்ல யாராலும் முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானா? நான் வீட்டுல சும்மாதான் இருந்தேன்."