அழித்த கையைக் காட்டு

"அழித்தது நீர்தான், மழவராயரே!"

"நானா? ஓதியப்பர் என் மைத்துனர் ஐயா! அவரைக் காப்பாற்றும் வரியை நானே அழிப்பேனா? முந்தாநாள் 'திருடன்' என்று எழுதினீரே, அந்தக் கைதான்..."

"'வள்ளல்' என்று எழுதின கை பேசுகிறதா? உறவுக்காரன் எழுதலாமோ?"

"அவர் பதவிக்கு உம் மருமகனை நிறுத்திவிட்டு நீர் மட்டும் எழுதலாமோ, விழுப்பரையரே?"

முன்னொரு காலத்தில், இப்படிச் சபை அதிர்ந்த ஒரு நாட்டில், அரசருக்கு ஓர் ஆசை வந்திருந்தது. பெரிய மனிதர்களைப் பற்றி ஊராரே எழுதட்டும் என்று சபை வாசலில் ஆளுக்கொரு பலாப்பலகை நிறுத்தினார். யாரும் கரியால் எழுதலாம். தப்பென்றால் யாரும் அழிக்கலாம். புகழக்கூடாது, இகழக்கூடாது, தன் சங்கதியில் தானே கை வைக்கக்கூடாது. விதிகளைச் சொன்னவரும் அரசரே. அதற்கு மேளதாளத்தோடு விழா எடுத்தவரும் அவரே.

தென்கரை மணியக்காரர் ஓதியப்பர் அப்போது சிறையில் இருந்தார். பஞ்சத்தில் அரசுக் களஞ்சியத்தின் பூட்டை உடைத்து ஊருக்கு நெல் அளந்தது குற்றம். அவர் பலகையில் எது நிலைக்கிறதோ அதைப் பார்த்தே தீர்ப்பு என்று அரசர் சொல்லிவிட்டார். மழவராயர் 'வள்ளல்' என்று எழுத, விழுப்பரையர் அழித்துத் 'திருடன்' என்று எழுத, இரண்டையும் துடைத்துவிட்டு விகடகவி சாத்தன் எழுதினான்: "பூட்டை உடைத்தார். அதற்கு முன் ஊரார் அரண்மனைக்குப் பலமுறை ஆள் அனுப்பினார்கள். பதில் வரவில்லை."

வந்து போன ஆட்களே சாட்சி சொன்னார்கள். ஆனால் விடிந்தால் முதல் வரி மட்டும் இருக்கும், மற்றவை இருக்காது. சாத்தன் திரும்ப எழுதுவான். திரும்பக் காணாமல் போகும்.

சண்டை போட்ட இருவரும் இப்போது சாத்தன் பக்கம் திரும்பினார்கள். "இவனே எழுதி இவனே அழித்து எங்களை மோத விடுகிறான், மகாராஜா! யோக்கியன் என்றால் அழித்த கையைக் காட்டட்டும். யார் பெயரையும் சொல்லக்கூடாது. சொன்னால் கட்சி கட்டினான் என்று அர்த்தம்!"

"சரியான பேச்சு!" என்றார் அரசர், கொஞ்சம் அவசரமாக. "சாத்தா, பெயர் சொன்னால் உன் நாக்குப் போகும். கையைக் காட்டாவிட்டால் நீ ஊரை விட்டுப் போக வேண்டும்."

"உத்தரவு" என்றான் சாத்தன்.

அன்று மாலை பச்சை மஞ்சளை அரைத்துப் பலகை முழுக்கப் பூசினான். பலாமரமே மஞ்சள் நிறம், பூசியது தெரியவில்லை. காய்ந்ததும் அதே வரிகளை மேலே எழுதினான்.

விடிந்தது. முதல் வரி தவிர மற்றவை இல்லை. சபையில் வழக்கம்போல் எல்லோர் கையிலும் சந்தனம். எது சந்தனம், எது மஞ்சள் என்று யார் கண்டது? சாத்தன் வெற்றிலைத் தட்டோடு வந்தான்.

"வெற்றிலை மடித்துத் தரும் அடைப்பைக்காரனுக்குக் காய்ச்சல். இன்று அவரவர் சுண்ணாம்பை அவரவரே தடவிக்கொள்ள வேண்டும்."

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அரசருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மழவராயர் தடவினார். விரல் வெள்ளையாகவே இருந்தது. விழுப்பரையர் தடவினார். அதுவும் வெள்ளை. "பார்த்தீரா! பார்த்தீரா!" என்று இருவரும் சாத்தனைப் பார்த்துச் சிரித்தார்கள். அரசரும் சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், இலையை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பைத் தொட்டார்.

விரல் சிவந்தது. துடைக்கத் துடைக்க உள்ளங்கையும் சிவந்தது.

மழவராயர் தரையைப் பார்த்தார். விழுப்பரையர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மகாராஜாவுக்கு மருதாணி என்னமாய்ப் பற்றியிருக்கிறது!" என்றார். சொன்ன பிறகு அவரும் தரையைப் பார்த்தார்.

"யாரென்று... சொல்லப் போகிறாயா, சாத்தா?"

"பெயர் சொன்னால் நாக்குப் போகும், மகாராஜா. கையைத்தானே காட்டச் சொன்னீர்கள்?"

அரசர் சிரித்தார். எப்போதும் கூடவே சிரிக்கும் சபை அன்று சிரிக்கவில்லை. தன் சிரிப்பு தனக்கே கேட்டதும் நிறுத்திக்கொண்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். முத்துகளில் சிவப்பு ஒட்டியிருந்தது. கையை இழுத்து மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார்.

சாத்தன் மாலையை வாங்கவில்லை.

"ஓதியப்பரைக் கேட்டுத் தென்கரையிலிருந்து மறுபடியும் ஆள் வந்திருக்கிறது, மகாராஜா. வாசலில் நிற்கிறார்கள். என்ன பதில் சொல்லட்டும்?"