முதல் டீ

முன்னொரு சமயம், கடலோர ஊர் ஒன்றில் கோயில் மதிலை ஒட்டி ஒரு வீடு இருந்தது. குடியை விட வேண்டும் என்று வந்தவர்கள் அங்கே தங்கி, பகலில் வேலைக்குப் போய், சாயங்காலம் கூடி செபம் சொல்லி, ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து நாளை ஓட்டுவார்கள். புதிதாக ஒருவர் வந்தால், சமையல் பார்க்கும் பிரகாசி அக்கா எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி, அதில் அவர் பெயரை வெட்டிக்கொண்டு வருவார். அடுப்படி ஜன்னலோரப் பலகையில் அந்த டம்ளர்கள் வரிசையாக நிற்கும்.

அவற்றில் சூசை என்பவரின் டம்ளருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் என்றால், பக்கத்தில் நின்ற தொம்மையின் டம்ளர் மேல்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மறுபடி குடித்துவிட்டு ஓடிப்போனால் அவர் டம்ளரை அப்புறப்படுத்த மாட்டார்கள். செபம் முடிந்ததும் முதல் டீயை அதில்தான் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். ஆள் வந்தால் குடிக்கலாம். வராவிட்டால் டீ கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். ஆள் இறந்துபோனால் மட்டுமே டம்ளர் பலகையை விட்டு இறங்கும்.

தொம்மை ஓடிப்போய் சில மாதங்கள் ஆகியிருந்தன. போகிற போக்கில் தன் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்துவிட்டுப் போயிருந்தான். அது நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்ந்த டம்ளருக்குத்தான் முதல் மரியாதை.

"ஓடிப்போனவனுக்கு ராஜ உபசாரம்," என்றது சூசை டம்ளர். "என் ஆளு ஒரு நாள் செபத்துக்கு வராம இருந்திருப்பாரா? அவர்தான் முன்னால நின்னு சொல்றாரு. மெழுகுவர்த்திய அணைச்சுட்டு அவர் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் ஊத்தி முடிச்சிடுறாங்க. எனக்கு என்ன கிடைக்குது? அடி டீ."

"உன் ஆளும் முன்னால ஒருதடவை ஓடிப்போனாரே. அப்போ முதல் டீ உனக்குத்தான ஊத்துனாங்க," என்றது தொம்மை டம்ளர்.

"அது வேற விஷயம்."

"முதல் டீயில ஒண்ணுமில்லப்பா. அக்கா சர்க்கரையப் போட்டுட்டு கலக்காம ஊத்துறாங்க. சப்புன்னு இருக்கும். அதையும் குடிக்க ஆளில்ல. ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்." தொம்மை டம்ளர் வெளியே மதிலைப் பார்த்தது. "ஆனா சில நாள் அந்த மதிலுக்கு மேல ஒரு தலை தெரியும். நான் இங்க நிக்கிறேனான்னு பார்க்கும். பார்த்துட்டுப் போயிடும்."

சூசை டம்ளருக்கு இது பெருமையடிப்பதாகப் பட்டது. முதல் டீ போதாதென்று, தன்னைப் பார்க்க ஆள் வேறு வருகிறதாம். நல்லா அளக்கிறான் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் மதியம் அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அது இடுப்பால் ஓர் இடி இடித்தது. நசுங்கிய டம்ளருக்கு நிற்கவே தடுமாற்றம். கீழே விழுந்து உருண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்தது. சூசை டம்ளர் நகர்ந்து ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் செபம் முடிந்து பிரகாசி அக்கா டீப் பாத்திரத்தைத் தூக்கினார். "தொம்மை டம்ளர் எங்க போச்சு?" பலகையைத் தடவினார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தேடிக்கொண்டிருக்கையிலேயே சூசையும் வந்துவிட்டார்.

"டீ ஆறுதுக்கா. ஊத்துங்க, அப்புறம் தேடலாம்."

அக்கா மனமில்லாமல், முதலில் நின்ற டம்ளரில் ஊற்றினார். சூசை டம்ளருக்குத் தலைகால் புரியவில்லை. டீ சப்பென்றுதான் இருந்தது. இருந்தால் என்ன, முதல் டீ.

சூசை அதை வாயருகே கொண்டுபோனபோது, ஜன்னல் வழியாக டம்ளர் மதிலைப் பார்த்தது. மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

தாடி மண்டிய முகம். கண்கள் ஜன்னல் விளிம்பில் தேடின. பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வொரு டம்ளராகப் பார்த்துவிட்டு, மறுபடி விளிம்புக்கு வந்தன. பிறகு அந்த முகம் தொங்கிப்போயிற்று. தலை திரும்பியது.

அடுப்படியில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. சூசை டம்ளருக்கு உடம்பெல்லாம் கூசியது. இவன் இப்போது போனால் இனி வரவே மாட்டான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. எந்த வாசல் அவனுக்காகத் திறந்திருந்ததோ, அதைத் தானே சாத்திவிட்டோம் என்பதும் தெரிந்துவிட்டது.

அது சூசையின் கையிலிருந்து நழுவிக் குதித்தது.

டீ தெறித்தது. தரை அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். துள்ளி விலகிய சூசை நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, போகிற முதுகைப் பார்த்துவிட்டார்.

"ஏல தொம்மை, நில்லுல." செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

டம்ளர் உருண்டுகொண்டே போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் எதன் மேலோ மோதி நின்றது.

"நீயும் விழுந்துட்டியா?" என்றது தொம்மை டம்ளர் இருட்டிலிருந்து.

"நானாத்தான் விழுந்தேன். உன் ஆளு வந்திருக்கான். நீ சொன்னது நிஜம்தான். உன்னைத் தேடிட்டு, காணோம்னு திரும்பிட்டான்."

மதிலோரம் பேச்சுக் குரல் கேட்டது.

"டம்ளரை இறக்கிட்டீங்களேண்ணே," என்றான் தொம்மை. "செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"ஏல, யாரும் இறக்கல. சாயங்காலம் பார்த்தா காணோம். அக்கா அண்டாவுக்குள்ளெல்லாம் தேடிட்டாங்க. வா, நீயும் வந்து தேடு."

"நான் குடிச்சிருக்கேன்ணே."

"அது நாலு வீட்டுக்கு மணக்குது. வந்து தேடு."

தொம்மை உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் தரையில் மண்டியிட்டு, பலகைக்கு அடியிலும் அடுப்புக்கு அடியிலும் தேடினான். கடைசியில் அரிசி டிரம்மை நகர்த்திக் கையை உள்ளே விட்டான். வெளியே வந்தபோது கையில் இரண்டு டம்ளர்கள். இரண்டுமே நசுங்கியிருந்தன. எது தன்னுடையது என்று பார்க்க அவன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.

"அழுறத அப்புறம் அழலாம். மொதல்ல டம்ளரைக் கழுவிட்டு வா," என்றார் பிரகாசி அக்கா. அவர் குரலும் சரியாக இல்லை.

அதற்குள் மற்றவர்கள் எல்லாரும் வாங்கி முடித்திருந்தார்கள். மிச்சமிருந்ததில் தொம்மையின் டம்ளருக்கு முதலில் ஊற்றினார் அக்கா. பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் கிடந்ததைச் சூசையின் டம்ளரில் விட்டார்.

சர்க்கரை முழுவதும் அதில்தான் இறங்கியிருந்தது. தினமும் அப்படித்தான் இறங்கியிருந்தது. பக்கத்து டம்ளரை எட்டிப் பார்க்காமல், தனக்கு ஊற்றிய டீயைச் சூசை டம்ளர் அன்றைக்குத்தான் பார்த்தது.