ஓணான் தலையாட்டிய வருஷம்

அந்தக் காலத்தில் ஓணானுக்குத் தலை ஆடாது. மனிதரோடும் மாட்டோடும் சேர்ந்து அதுவும் வாயால்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஆவாரங்குடியில் ஒரு கண்மாய் இருந்தது. அதற்கு இரண்டு மடைகள். மேலமடையைத் திறந்தால் மேலத்தெரு வயல்களுக்குத் தண்ணீர் போகும். கீழமடையைத் திறந்தால் கீழத்தெருவுக்கு. எதை எப்போது திறப்பது என்று முடிவுசெய்யும் மடைக்காவலரை வருஷத்துக்கு ஒருமுறை ஊர் தேர்ந்தெடுத்தது. கண்மாய்த் தண்ணீரைக் குடிக்கும் எல்லோருக்கும் வாக்கு உண்டு, எருமைக்கும் கொக்குக்கும்கூட.

கரையின் நடுவில் ஓர் ஆவாரஞ்செடி. போட்டியிடுகிறவர்கள் அதற்கு இருபுறமும் நிற்பார்கள். வேண்டியவர் பக்கம் போய் நின்றால் அதுதான் வாக்கு. ஆமை தலைகளை எண்ணும். மெதுவாக எண்ணும், ஆனால் தவறாது.

பட்டப்பகலில் எல்லோர் கண்முன்னும் நிற்க வேண்டியிருந்ததால் போன வருஷம் நின்ற இடத்திலேயே இந்த வருஷமும் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து நின்றார்கள். கொக்குகள் எருமையைப் பார்த்து நின்றன. மேலத்தெரு அடைக்கலம் ஒன்பது வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முதலில் அவர் வயலுக்குப் போகும், பிறகு தம்பி வயலுக்கு, பிறகு மைத்துனர் வயலுக்கு. மேலத்தெருவிலேயே கடைக்கோடி வயல்கள் காய்ந்து கிடந்தன. அந்த வயல்காரர்களும் அவர் பக்கமே நின்றார்கள்.

பத்தாவது வருஷம் மழை பொய்த்தது. கீழத்தெருவில் இருளாயி என்ற பெண் போட்டிக்கு வந்தாள். ஆமை எண்ணி முடித்தது. அந்தப் பக்கம் நாற்பது, இந்தப் பக்கம் நாற்பது. மறுபடியும் எண்ணியது. பிறகு கழுத்தை நீட்டி ஆவாரஞ்செடியைப் பார்த்தது. கிளையில் ஓணான் உட்கார்ந்திருந்தது. இதுவரை அதை யாரும் எண்ணியதில்லை.

“அது தண்ணியே குடிக்காதே, அதுக்கு எதுக்கு வாக்கு?” என்றது அடைக்கலத்தின் எருமை.

“பனியக் குடிக்கிறேன். பனி கண்மாயிலேர்ந்து வராம ஒங்க தொழுவத்துலேர்ந்தா வருது?” என்றது ஓணான்.

கீழத்தெரு சிரித்தது. காலையில் வந்து ஒரு பக்கம் நிற்கும்படி ஆமை சொல்லிவிட்டுப் போனது.

மத்தியானம் அடைக்கலம் தனியாக வந்தார். செடியின் அடியில் மண் புதிதாகக் கிளறியிருந்ததைப் பார்த்தார்.

“முட்டை வச்சிருக்க போல?”

“ஆமாண்ணே. ஏழு.”

“எங்க எருமைக்குக் கண்ணு மங்கிருச்சு. எங்க மிதிக்கும்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. என் பக்கம்தான நிக்கப்போற?”

ஓணான் கிளறிய மண்ணைப் பார்த்தது. தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்தது.

பொழுது சாய இருளாயி வந்தாள். கையில் மஞ்சளாய் வாடிய நாற்று ஒன்று.

“நாலு நாள்தான் தாங்கும். அதுக்கு மேல நாங்க ஊரைவிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். நீ எங்க பக்கம் நிப்பியா?”

ஓணான் நாற்றைப் பார்த்தது. மறுபடியும் தலையசைத்தது.

காலையில் ஊர் கூடியது. ஓணான் கிளையைவிட்டு இறங்கவில்லை. “மேலப் பக்கமா?” என்று ஆமை கேட்டது. தலையசைத்தது. “கீழப் பக்கமா?” அதற்கும் தலையசைத்தது.

“தலைக்கு ஒரு வாக்குதான். தலையாட்டலுக்கு ஒண்ணு கெடையாது,” என்றது ஆமை.

“பெரியவரே, நான் நிக்கிற எடத்த யாரும் பாக்கக் கூடாது. எனக்கு மட்டும் மறைச்சா, எண்ணிக்கைய வச்சு எல்லாரும் தெரிஞ்சுக்குவாங்க. அதனால ஊரே அப்படிச் செய்யட்டும். ஓலைத்தட்டி கட்டி, உள்ள ரெண்டு குடம் வைங்க. ஆளுக்கொரு பூவு. எதுல போட்டோம்னு போட்டவுகளுக்கு மட்டும் தெரியட்டும்.”

அடைக்கலம் சிரித்தார். “கட்டுங்கப்பா. எங்க ஆளுக எனக்குத் தெரியாதவுகளா?”

ஒவ்வொருவராகத் தட்டிக்குள் போய் வந்தார்கள். யாரும் அதிக நேரம் உள்ளே இருக்கவில்லை. ஆமை குடங்களைக் கவிழ்த்தது. மேலக் குடத்தில் பத்தொன்பது பூ. கீழக் குடத்தில் அறுபத்திரண்டு.

அடைக்கலம் திரும்பித் தன் தெருக்காரர்களைப் பார்த்தார். நேற்று அவர் பக்கம் நின்ற நாற்பது பேரும் அங்கேயே இருந்தார்கள். கடைக்கோடி வயல்காரரிடம், “எனக்குத்தானப்பா போட்ட?” என்றார். அவர் தலையசைத்தார். தம்பியைக் கேட்டார். தலையசைத்தான். எருமையைப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டே தலையசைத்தது. யாரை மிதிக்கச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இருளாயி கீழமடையைத் திறந்தாள். பிறகு மேலத்தெருவின் கடைக்கோடிக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னாள். போகிற வழியில் செடியருகே நின்று, “எனக்குத்தான போட்ட?” என்று கேட்டாள். ஓணான் அதே மாதிரி தலையசைத்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பது நாள் கழித்து ஏழு முட்டைகளும் பொரிந்தன. மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த குஞ்சுகள் கண் திறந்ததும் முதலில் பார்த்தது கரையில் நடந்துபோன அடைக்கலத்தை. ஏழும் தலையாட்டின.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், எதிரே யார் வந்தாலும் ஓணான் தலையாட்டுவதும், அடைக்கலத்தின் வம்சத்தார் அதைக் கண்டால் கல்லைத் தேடுவதும். ஆவாரங்குடியில் இன்றைக்கும் கைகூப்பிக்கொண்டு யார் வந்து வாசலில் நின்றாலும் வீட்டிலிருப்பவர்கள் தலையசைக்கிறார்கள். தட்டிக்குள் போய் வந்ததைப் பற்றிப் புருஷன் பெண்டாட்டியைக் கேட்பதில்லை.