அதிகாரி போட்ட மாலைகள்

வெள்ளம் வடிந்து பத்து நாள். அமைச்சர் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அதிகாரி தணிகாசலம், தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"வெள்ளச் சேதக் கணக்கெல்லாம் திரையில ஒரே இடத்துல தெரியுற மாதிரி உடனே ஒரு டேஷ்போர்டு வேணும். செய்தித் தளமெல்லாம் புளுகு. நம்ம ஆபீஸ் இணையப் பக்கத்துல இருக்கிறதை மட்டும் எடுத்துப் போடும்மா. அதுல சாவுன்னு ஒரு வரி கிடையாது."

"சரிங்க சார்."

அமைச்சர் வந்து உட்கார்ந்ததும் திரையில் பெரிதாகத் தெரிந்தது: உயிரிழப்பு 41.

"ஏதும்மா இது?" அதிகாரி பாய்ந்தார்.

"நம்ம பக்கத்துல இருந்துதான் சார். துக்க வீட்டுக்கெல்லாம் மாலையோட போய் நீங்க போட்டோ போட்டிருக்கீங்களே, அதையெல்லாம் புரோகிராம் வச்சு இழுத்து எண்ணினேன்."

அமைச்சர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பன்னிரண்டாவது படத்தில், அதிகாரிக்குப் பக்கத்தில் தலைவிரிகோலமாக நின்றிருந்தாள் செண்பகவல்லி.

"அது எங்கண்ணன் சாவு சார்," என்றாள் அதிகாரியிடம். "அன்னைக்கு நீங்க கேமராவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க."