வியன்னாவில் ஓதுவார் வந்த வலம்

கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பழக்கம் வடிவாம்பாள் அம்மைக்குக் கிடையாது. கேட்டவர் கொஞ்ச நாள் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் அவரிடம் எதையும் கேட்பதில்லை.

ஆவுடையப்ப ஓதுவார் கேட்டார். காவிரிக்கரையில் அம்மையின் ஆசிரமத்தில் இருந்த நாளெல்லாம் கேட்காமல், கடல் தாண்டி வியன்னாவில் வந்து இறங்கிய அன்று, சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"விடணும் விடணும்னு எல்லாரும் சொல்லுதாக. எப்படி விடுததுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. நீங்க சொல்லுங்கம்மா."

அம்மை அவரைப் பார்த்தார். வயதில் ஓதுவாருக்குத் தங்கையாக இருக்கலாம். முன்பு கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். யார் முகத்தையும் தப்பான விடையைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்ப்பார். கோபம் இருக்காது, எங்கே பிசகியது என்று தேடுகிற பார்வை அது.

ஓதுவார் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிவன் கோயிலில் வாழ்நாள் முழுக்கத் தேவாரம் பாடியவர். மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். தை பிறந்ததும் காவி தருவதாக அம்மை சொல்லியிருந்தார். இடையில் வியன்னாத் தமிழர்கள் அம்மையைப் பேசக் கூப்பிட்டார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒரு பதிகம் பாட ஆள் வேண்டும் என்று ஓதுவாரையும் அழைத்துக்கொண்டார். அவர் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவரிடம் காரணமும் இருந்தது.

அவருடைய ஒரே மகள் கோமதி இந்த ஊரில்தான் இருந்தாள். அதை அவர் அம்மையிடம் சொல்லவில்லை.

கோமதிக்குப் பண் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு வருஷக்கணக்கில் பிடி கொடுக்காத கமகமெல்லாம் அவள் தொண்டையில் தானாக வந்து உட்கார்ந்தது. பெண்பிள்ளை கோயிலில் நின்று ஓதக்கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். அவரும் அந்த நாலு பேரோடு சேர்ந்துகொண்டார். அவள் சங்கீதம் படிக்கிறேன் என்று வெளிநாடு போனாள், அங்கேயே ஒரு வெள்ளைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்.

அம்மா செத்துப்போனாள் என்று கேட்டு அவள் ஓடி வந்தபோது, ஓதுவார் நிலைக்கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு வாசலை மறித்தார். அவள் சண்டை போடவில்லை. தெருவில் நின்றாள். பாடையை வெளியே தூக்கி வந்த பிறகுதான் தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள்.

பந்தம் அறுந்துவிட்டது என்று ஓதுவார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். தன்னிடமும் சொல்லிக்கொண்டார். அறுந்தவனுக்குக் காவி கட்டத் தகுதி வந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

அவர்கள் தங்கியிருந்தது செந்தூரன் என்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வீட்டில். ஓதுவார் ஊரைப் பார்க்கட்டுமே என்று அவர் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். காலையில் அரண்மனை, மதியம் அருங்காட்சியகம், நாலு மணிக்குப் படகு. அம்மை அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, மடித்து, செந்தூரனிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு ஓதுவார் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில கிளம்புங்க. நடந்தே போங்க. எங்கே போறோம்னு முடிவு பண்ணிக்காதீங்க. சாயங்காலம் வந்து பார்த்ததைச் சொல்லுங்க."

"நான் கேட்டது அது இல்லம்மா."

"தெரியும்."

மறுநாள் செந்தூரன் வாங்கிக் கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓதுவார் கிளம்பினார். கோயில் கல்தரையிலேயே தேய்ந்த கால் அது. ஷூவுக்குள் போனதும் யாரோ பிடித்து அடைத்துவைத்ததுபோல் முரண்டு பிடித்தது. தடுக்கி விழாமலிருக்கக் குனிந்து நடைபாதையைப் பார்த்தபடியே நடந்தார். டிராம் ஓடும் சாலையைக் கடந்தார். கால்வாய்ப் பாலத்தின் நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தார். தூரத்தில் ஒரு மாதா கோயில், களிம்பேறிய செம்பு நிறத்தில் பச்சைக் கூம்போடு நின்றது. முடிவு பண்ணாமல் நடக்க ஏதாவது ஒரு திசை வேண்டுமே என்று அந்தப் பக்கம் போனார்.

சாயங்காலம் அம்மை முன் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் சொன்னார். ரொட்டி சுடுகிற வாசனை தெருவெல்லாம் அடிக்கிறது. நாயைக் கூடக் குழந்தை மாதிரி டிராமில் கூட்டிப் போகிறார்கள். மரத்திலிருந்து ஒரு கொட்டை உதிர்கிறது, நம்ம புளியங்கொட்டையைப் பெரிசாக்கிப் பாலிஷ் போட்டதுபோல் இருக்கிறது. மடியிலிருந்து ஒன்றை எடுத்து அம்மை முன் வைத்தார்.

"இன்னொரு அதிசயம் பாத்துக்கிடுங்க. இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு வயலின் ரிப்பேர் கடை இருக்கு. எந்தத் தெருவுல போனாலும் ஒண்ணு வந்துருது."

"அவ்வளவு வயலினையா இந்த ஊர்க்காரங்க உடைக்கிறாங்க?" என்றார் அம்மை.

செந்தூரன் சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்து அப்படி இல்லையே என்று இழுத்தார். நீங்கள் காரில் போகிறவர், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஓதுவார் அவர் வாயை அடைத்தார்.

அடுத்த நாளும் போனார். அன்றைக்கு இன்னும் அதிக நேரம் நடந்தார். திரும்பி வரும்போது குதிகாலில் கொப்புளம். முகத்தில் எரிச்சல். இந்த ஊரை நடந்து பார்க்க ஒன்றுமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கட்டினவன் ஒரே அச்சில் வார்த்து வைத்துவிட்டான். அதே ரொட்டிக்கடை, அதே துணி வெளுக்கும் கடை, அதே வயலின் கடை. எவ்வளவு தூரம் போனாலும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அவர் கொண்டு வந்த இரண்டாவது கொட்டையை அம்மை முதல் கொட்டையின் பக்கத்தில் வைத்தார்.

"தெருமுனையில எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

"எந்தப் பக்கம்னு என்னம்மா இருக்கு? கால் போன பக்கம்."

"நாளைக்கு நானும் வரேன்."

மூன்றாம் நாள் அம்மை அவருக்கு நாலடி பின்னால் நடந்தார். ஓதுவாருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தான் சொன்னது பொய்யில்லை என்று நிரூபிக்க ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே. டிராம் சாலை, பாலம், பச்சைக் கூம்பு. அதன் பக்கத்தில் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் வயலின் கடை வந்தது. பார்த்தீர்களா என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். முனையில் திரும்பினார். ரொட்டிக்கடை. திரும்பினார். துணி வெளுக்கும் கடை. திரும்பினார். கொட்டை உதிர்க்கும் மரம். திரும்பினார்.

"இதோ, இன்னொரு வயலின் கடை."

அம்மை நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் கழுத்து முறிந்த ஒரு வயலின் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓதுவாரே, முதல்ல பார்த்த கடையிலயும் இப்படி ஒண்ணு தொங்கிச்சு."

ஓதுவார் குனிந்து பார்த்தார். அதே வயலின். அதே முறிவு. கடைக்குள் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து, தினமும் கடையைத் தாண்டிப் போகிற ஆளைத் தெரிந்துகொண்டதுபோல் தலையசைத்தான். ஓதுவாருக்கு வெட்கத்தில் காது சூடானது.

"எல்லா முனையிலயும் வலப்பக்கமே திரும்பினீங்க" என்றார் அம்மை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கருவறையை வலக்கைப் பக்கம் வைத்துப் பிரகாரம் சுற்றியே வளர்ந்த கால் அது. விடிந்தால் ஒரு வலம், அந்தி சாய்ந்தால் ஒரு வலம், வாயில் பதிகம். அந்தக் காலுக்கு முனை என்றால் வலப்பக்கம்தான். இடப்பக்கம் திரும்பினால் சந்நிதிக்கு முதுகு காட்டிய மாதிரி அதற்குக் கூசும். போக்கில் விட்டால் அது வேறு எங்கே போகும்?

ஓதுவாரும் அதைச் சொல்லிச் சிரித்தார். பழக்க தோஷம் அம்மா, வேறொன்றுமில்லை என்றார். மனது லேசாகிவிட்டது. இடப்பக்கமாகத் திரும்பிக் கிளம்பக்கூடப் பார்த்தார்.

அம்மை சிரிக்கவில்லை. "வலம் வந்தீங்க. சரி. எதை?"

"எதைன்னா? ஏதோ ஒரு கட்டடம்."

"அண்ணாந்து பாருங்க."

மூன்று நாளாக இந்தத் தெருக்களில் கடை வாசலுக்கு மேலே எதையும் பார்க்காதவர் தலையைத் தூக்கினார். வயலின் கடைக்கு மேலே முதல் மாடி. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே, வெயில் படும் இடத்தில் ஒரு மண்சட்டி. சட்டியில் கருவேப்பிலைச் செடி.

ஓதுவாருக்கு மனைவியின் குரல் கேட்டது. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, அவரிடம் நேராகச் சொல்ல முடியாததைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். கோமதி வீடு மாதா கோயிலுக்குப் பக்கத்திலாம், பச்சையா ஒரு கூம்பு இருக்குமாம். கீழே வயலின் ரிப்பேர் பண்ணுகிற கடை மாப்பிள்ளையோடதாம். அந்தக் குளிரிலும் ஜன்னலுக்குள் வைத்துக் கருவேப்பிலை வளர்க்கிறாளாம். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் காதில் விழவில்லை என்று அவளை நம்பவைத்தார். தானும் நம்பினார். காது மட்டும் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தது.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். கோபம் வந்தது.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியாது. நீங்க எதையோ சுத்தி வரீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பண் சொல்லிக் கொடுத்ததில் தொடங்கினார். கோயிலில் நாலு பேர் சொன்னதையும், தான் அவர்களோடு சேர்ந்துகொண்டதையும் சொன்னார். நிலைக்கதவில் கையை ஊன்றியதைச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பாடை வெளியே வந்தபோது கோமதி தாயைத் தொடக்கூட அனுமதி கேட்பதுபோல் தன்னைப் பார்த்தாள் என்றார். அப்போதும் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதார். 

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாக நிமிர்ந்தார்.

"அத்தனையும் விட்டாச்சும்மா. விட்டுட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"விட்டதை யாராவது வலம் வருவாங்களா?"

 மரத்திலிருந்து ஒரு கொட்டை பெஞ்சின்மேல் விழுந்து உருண்டது. கடைக்காரன் உள்ளிருந்து அவர்களைப் பார்த்தான். வேஷ்டியையும் நெற்றியில் திருநீற்றையும் இப்போதுதான் கூர்ந்து பார்த்தான். கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் வெளியே வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் மாடிக்குப் போகும் கதவு. அதில் அழைப்புமணி.

ஓதுவார் எழுந்து தெருவைக் கடந்தார். கதவுக்கு முன்னால் போய் நின்றார். கை மணி வரைக்கும் போயிற்று. திரும்பி அம்மையைப் பார்த்தார். அம்மையும் பின்னாலேயே வந்திருந்தார்.

"அவ திறக்காம விட்டுட்டா?"

ஓதுவார் கையை இறக்கிக்கொண்டார்.

"அதுக்கு நான் தகுதியானவன்தான். தாங்கிக்கிடுவேன். திறந்துட்டா?" குரல் இறங்கிவிட்டது. "திறந்து, அப்பான்னு கூப்பிட்டுட்டா, தையில நான் காவிக்கு வருவேனான்னு எனக்கே தெரியலம்மா. இந்தப் படியில ஏறினா எங்க கொண்டுபோய் விடும்னு ஒண்ணும் தெரியலயே."

"எங்கே போறோம்னு முடிவு பண்ணிக்காமத்தானே நடக்கச் சொன்னேன்" என்றார் அம்மை.

 ஓதுவார் வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.