தனிஸ்லாஸின் பத்தாவது கோல்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். நடுவில் கைபேசியைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதைச் சொல்லவே இல்லையே" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

வியாசர்பாடிக்காரன் தனிஸ்லாஸ் பதினான்கு வருடமாகக் கால்பந்து ஆடிப் பிழைத்தவன். ஸ்ட்ரைக்கர். அதாவது, மற்றவர்கள் மூச்சு வாங்க ஓடிக் கொண்டுவரும் பந்தை வலைக்குள் தள்ளுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அடித்தால் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். மூன்று ஆட்டம் அடிக்காவிட்டால் டீ ஆற்றுகிறவர்கூட எப்படி அடிப்பது என்று அவனுக்குச் சொல்லித் தருவார்.

அவனுக்கு வயது முப்பத்துமூன்று. வலது முழங்கால் இரண்டு முறை ஆபரேஷன் கத்தியைப் பார்த்துவிட்டது. அவன் கடைசியாகச் சேர்ந்த கிளப்பின் பெயர் நமக்கு வேண்டாம். அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இந்தப் பருவத்தில் பத்து கோல் அடித்தால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஒரு வருடம் நீளும். "பத்துதானே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே ஒன்பது அடித்துவிட்டான்.

அடுத்த ஆட்டத்தில் அவனை உட்கார வைத்தார்கள். முழங்காலுக்கு ஓய்வு என்று நினைத்தான். அதற்கடுத்த ஆட்டத்திலும் பெஞ்சுதான். யாராவது கூப்பிடுவார்கள் என்று கோட்டோரமாக வார்ம் அப் செய்தபடியே இருந்தான். களத்தில் இருந்தால்கூட அவ்வளவு ஓடியிருக்க மாட்டான். மூன்றாவது ஆட்டமும் அப்படியே போன பிறகு பயிற்சியாளர் முபாரக்கிடம் நேராகக் கேட்டான்.

முபாரக் பொய் சொல்லவில்லை. "இந்தக் காலை நம்பி இன்னொரு வருஷம் வெச்சுக்க நிர்வாகத்துக்கு இஷ்டம் இல்லடா. நீ பத்தாவது அடிக்காமப் பாத்துக்கிறேன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன். எனக்கும் வேலை வேணும்."

தனிஸ்லாஸ் ஒப்பந்தத்தை நினைத்துப் பார்த்தான். பத்து கோல் என்று எழுதினார்களே தவிர, ஆட விடுவோம் என்று எங்கும் எழுதவில்லை. யாரை இறக்குவது என்பது பயிற்சியாளரின் விருப்பம். எவரிடம் போய் முறையிட முடியும்?

"கடைசி மேட்ச்ல ஒரு பத்து நிமிஷம் குடுங்க சார். அது போதும்."

முபாரக், "தரேன். சத்தியமா" என்றார்.

கடைசி ஆட்டமும் வந்தது. ஜெயித்தால் கிளப் முதல் பிரிவில் நீடிக்கும். சமன் ஆனாலே இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். எண்பது நிமிடம் ஆகியும் இரு பக்கமும் கோல் இல்லை. முபாரக் கையசைத்தார். தனிஸ்லாஸ் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். அவன் காதருகே முபாரக் சொன்னார்: "டிஃபன்ஸ்ல நில்லு. நடுக்கோட்டைத் தாண்டாதே."

நிர்வாகத்துக்குக் கொடுத்த வாக்கும் நின்றது, தனிஸ்லாஸுக்குக் கொடுத்த வாக்கும் நின்றது! தன் கல்யாணப் பந்தியிலேயே இலை கிடைக்காதவன் போல அவன் பின்னால் நின்றான். எதிரணியின் கோல் எங்கோ தூரத்தில் தெரிந்தது.

கடைசி நிமிடத்தில் தனிஸ்லாஸின் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

பெனால்டியை யார் அடிப்பது என்று பருவத் தொடக்கத்திலேயே எல்லோரும் பேசி ஒரு பட்டியல் எழுதி, உடை மாற்றும் அறையில் ஒட்டியிருந்தார்கள். முதல் பெயர் கேப்டன் இளவழகன். அந்தப் பருவத்தில் ஆறு அடித்து ஆறும் கோல். இரண்டாவது பெயர் தனிஸ்லாஸ். மூன்று அடித்ததில் இரண்டை வெளியே விட்டிருந்தான்.

இளவழகன் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோடு வரைக்கும் நடந்துவந்தான். அதைத் தனிஸ்லாஸின் கையில் வைத்தான். "உனக்கு ஒண்ணுதான்ணா பாக்கி. நீ அடிண்ணா."

தனிஸ்லாஸ் பந்தைப் பிடித்தபடி நின்றான். இன்னும் ஒரு வருடம் ஆடலாம். அவனுக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். முபாரக் தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் சீக்கிரம் என்று விசில் ஊதினார்.

"நான் ரெண்டு வுட்டவன்டா. நீ ஒண்ணுகூட வுடல. இருபத்தஞ்சு பேர் பொழப்பு இது. நீயே அடி" என்று பந்தைத் திருப்பிக் கொடுத்தான்.

இளவழகன் அடித்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டு வெளியே பறந்தது. ஆட்டம் முடிந்தது.

கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒன்பது கோலோடு தனிஸ்லாஸின் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு வாரத்தில் முபாரக்கையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பந்து கைமாறிக் கைமாறி வந்ததுல என் கால் வெலவெலத்துப் போச்சு" என்று இளவழகன் இன்றும் புலம்புகிறான்.

இப்போது சொல்லுங்கள். முபாரக் இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். இளவழகன் நண்பனுக்குப் பந்தைக் கொடுத்தான். தனிஸ்லாஸ் அதை மறுத்தான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பந்து கம்பத்தில் பட்டதை மறந்துவிட்டு யோசியுங்கள். பத்து நிமிடம் என்றால் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு என்ன பொருள் என்று முபாரக்குக்கு நன்றாகவே தெரியும். அவர் காப்பாற்றியது சொல்லை மட்டும்தான். இளவழகனுக்கு நல்ல மனசு. ஆனால் அந்தப் பெனால்டி அவனுடைய சொத்தல்ல, எல்லோரும் சேர்ந்து அவனிடம் ஒப்படைத்தது. தனக்குக் கிடைக்கவிருந்த ஒரு வருடத்தை விட்டுக்கொடுத்தவன் தனிஸ்லாஸ் ஒருவன்தான். பந்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான், உண்மைதான். அந்தக் கொஞ்ச நேரம்கூட ஆசைப்படாமல் இருக்க அவன் என்ன கல்லா? ஆகவே அவன் செய்ததே சரி. சரியாகச் செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் பிறகு எந்தக் கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை.