ஆறாவது வட்டம்

"அம்மா, இந்தப் பிள்ளைங்களுக்குச் சூரிய மண்டலம் மண்டையில ஏறாது. என்னை விட்டுடுங்க" என்றார் ஏகாம்பரம்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு. ஏகாம்பரத்தைவிடப் பத்து வயது இளையவர். அது ஏகாம்பரத்துக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. ஞானம் தேடி வந்தவரை, வந்த வேகத்திலேயே மடத்துப் பள்ளிக்கூடத்தில் பொடிசுகளுக்குப் பாடம் எடுக்க அனுப்பியதும் செரிக்கவில்லை.

"விட்டா எங்க போவீங்க?"

"மேல குகையில உக்காந்து தியானம் பண்ணுவேன்."

"பண்ணலாம். நேத்து என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"முற்றத்துல சுண்ணாம்புப் பொடியில ஒண்ணுக்கு வெளிய ஒண்ணா எட்டு வட்டம் போட்டேன். ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளை. நடுவுல சூரியனா நான் நின்னுக்கிட்டேன்."

"நீங்களேவா?"

"வேற யாரு நிக்கிறது?"

அம்மா கீரை உருவினார்.

"வெள்ளிக்கும் வியாழனுக்கும் ஒரே அடிதடி. யுரேனஸ், நெப்டியூன் யாருன்னே தெரியாது, அதனால பயமில்லாமப் போய் நின்னுட்டாங்க. சனின்னு சொன்னதும் ஒருத்தன்கூட அசையல. வைக்கோல்ல வளையமெல்லாம் முறுக்கி வெச்சிருந்தேன். எட்டுக் கிரகத்துலயும் இதுதான் அழகுன்னு சொல்லிப் பார்த்தேன். ம்ஹும்."

"அப்புறம்?"

"பவுனுகிட்டக் குடுத்தேன்."

பவுனு அத்தை வீட்டில் வளரும் பெண். வகுப்பில் கடைசியில் உட்காருவாள்.

"ஏன் அவகிட்ட?"

ஏகாம்பரம் சற்று யோசித்தார். "அவ எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டா."

"சரி."

"வளையத்தை இடுப்புல மாட்டிக்கிட்டு ஆறாவது வட்டத்துல நின்னா. உடனே ஒருத்தன், சரியான ஆளுதான், அவங்க அத்தையே அவளைச் சனியன்னுதான் கூப்பிடுதுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. காலாலயே அந்த வட்டத்தை அழிச்சிட்டேன். சனியே வேணாம், நீ போய் உக்காருன்னு சொல்லிட்டேன். மிச்சம் ஏழு கிரகத்தை வெச்சுப் பாடத்தை முடிச்சேன்."

"அந்த ஆறாவது எங்க போச்சு?"

"அதான் அழிச்சிட்டேனே."

"அழிச்சா எங்க போகும்?"

ஏகாம்பரத்துக்குக் காலையில் அத்தைக்காரி ஆள் மூலம் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. பவுனு இனிப் பள்ளிக்கூடம் வர மாட்டாள், ஆடு மேய்க்கப் போகிறாள்.

அதைச் சொன்னார். இதைச் சொல்லத்தான் வந்தாரோ என்னவோ.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ச் சுண்ணாம்புப் பொடி டப்பாவை எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

"குகைக்குத் தாராளமாப் போங்க. அதுக்கு முன்னாடி அழிச்ச வட்டத்தைத் திரும்பப் போடுங்க. போட்டுட்டு அதுல நீங்க நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஏகாம்பரம் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அம்மா, அது வந்து, எனக்கு இப்ப ஏழரை நடக்குது."

அம்மா சிரித்திருந்தால்கூடத் தேவலாம். சிரிக்கவில்லை.

"விளக்கு போடுறீங்களா?"

"சனிக்கிழமை தவறாம, எள்ளு முடிஞ்சு."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

அம்மா மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் ஆறாவது வட்டத்தைப் போட்டார். கோடு கொஞ்சம் கோணல்தான். பிள்ளைகள் தத்தம் வட்டத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

வலது காலைத் தூக்கினார். கூரைமேல் ஒரு காக்கை கரைந்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு, வருவது வரட்டும் என்று வைத்துவிட்டார்.

"சார் சனியில நிக்கிறாரு!" என்று வெள்ளி கத்தினான்.

ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு காலில் ஒட்டியது, அவ்வளவுதான்.

மெதுவாக நடந்தார். பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை.

"சார், நடுவுல யாருமே இல்லையே. எதைச் சுத்துறீங்க?" என்று பூமி கேட்டாள்.

ஏகாம்பரம் நின்றார். அதுவரை அது அவருக்கு உறைக்கவே இல்லை. முற்றத்து ஓரத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா வந்து நிற்பார் என்று நினைத்தார். அம்மா அன்றைக்கு அரைக்கீரையில் மும்முரமாக இருந்தார்.

வட்டத்தைவிட்டு வெளியே வந்தார். மேலே ஏறினால் குகை, கீழே இறங்கினால் ஊர். காலைக்கூடக் கழுவாமல் ஊருக்குள் நடந்தார்.

பவுனு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"யாரது?" உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பார்.

"சனி வந்திருக்கேன்."

உள்ளே முறம் விழுந்து அரிசி சிதறும் சத்தம் கேட்டது. அத்தை வாசலுக்கு ஓடிவந்தாள். வெள்ளைக் காலும் வியர்த்த முகமுமாக நிற்கும் வாத்தியாரைப் பார்த்தாள்.

"அய்யய்யோ! காலங்காத்தால என்ன பேச்சு சார் இது? முதல்ல வாசலை விட்டு நகருங்க!"

"பவுனை அனுப்புங்க, நகர்றேன்."

"கூட்டிட்டுப் போய்த் தொலைங்க. திரும்ப என் வாசல்ல வந்து அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

பவுனு கொட்டகையிலிருந்து வந்தாள். கையில் ஆட்டுக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஆடு.

ஏகாம்பரம் அவள் முன் குனிந்தார். "தப்பு பண்ணிட்டேன்மா. நடு இடம் காலியா இருக்கு. நீ வந்து சூரியனா நில்லு."

"எனக்குச் சூரியன் வேணாம் சார்."

மாட்டேன் என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"வேற எது வேணும்?"

அவள் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், ஓலைக்கு நடுவே, அந்த வைக்கோல் வளையம் பத்திரமாகச் செருகியிருந்தது.

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு சார். அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீங்க ஏன் அழிச்சீங்க?"

ஏகாம்பரம் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் காட்டினார்.

"திரும்பப் போட்டுட்டேன்மா."

"இப்ப அதுல யாரு நிக்கிறா?"

"நான்தான்."

பவுனு ஆட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். கொட்டகை ஓரத்துத் திண்டில் ஏறி வளையத்தை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வேற எங்கயாவது நில்லுங்க சார். அது என் வட்டம்."